ஈரத்துக்குக் கழித்தது

பரிசுத்தொகையெல்லாம் டொலரில்.
எங்களுக்கு நாளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா,
ஒரு சோற்றுப் பார்சல்,
கழுவினால் சுருங்கும் வெள்ளைத் தொப்பி.

கோடு பார்க்க இருபது பேர் வேண்டுமென்று
கெம்பஸில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்.
புவியியல் மூன்றாம் வருடத்தில் நானும் சீதாலெட்சுமியும் போனோம்.
“லயன்ல பொறந்தவளுக்கு லைன் பாக்கத் தெரியாதா?” என்றாள்,
பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்து.

பயிற்சி இரண்டு நாள்.
கண் பந்தில் அல்ல, கோட்டில்.
முதுகு குனி, கை முழங்கால் மேல்.
பந்து உள்ளே என்றால் வாய் திறக்காதே,
உள்ளங்கைகளால் மண்ணைத் தடவுவதுபோல் காட்டு.
வெளியே என்றால் கத்து.
“வயிற்றிலிருந்து” என்றார் விஜேகோன் சேர்.
விரிவுரை மண்டபத்தில் மூன்று வருடமாய்
வரவு சொல்ல மட்டும் திறந்த வாய்.
ஹந்தானைப் பக்கம் திரும்பி
“அவுட்” என்றேன்.
வேலிமேல் இருந்த குரங்கொன்று இறங்கிப் போனது.

செவ்வாய், இரண்டாம் கோர்ட்.
பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் நால்வர் பொறியியல் பீடத்திலிருந்து
அக்பர் பாலம் கடந்து நிழலுக்கு ஒதுங்கியவர்கள்.
இவய்லோ என்று பெயர், பல்கேரியா,
உலகத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாவது ஆள்.
தன் மட்டைக்குத் தானே நரம்பு கட்டுவான்,
கென்டீன் மேசையில், பிளேன்டீயை ஓரமாய்த் தள்ளிவிட்டு.
முதல் சுற்றில் தோற்றால் கிடைப்பது
கட்டுநாயக்க வரை போகக் காணும்,
அதற்கப்பால் காணாது.
எதிரே தாய்லாந்துப் பையன், பத்தொன்பது வயது,
வியர்ப்பதே இல்லை.

மூன்றாவது செட், ஐந்துக்கு ஆறு.
இந்தப் புள்ளி போனால் ஆட்டம் போச்சு.
மகாவலிக்கு அப்பால் மலை காணாமல் போய்க்கொண்டிருந்தது.
அந்த வெள்ளையை எனக்குத் தெரியும்,
இன்னும் மூன்று நிமிடம்.
நடுவர் கொழும்புக்காரர், வானத்தைப் பார்க்கவில்லை.

அடித்தான். நீளமான பந்து,
என் கோட்டை நோக்கி வந்துகொண்டே இருந்தது.
முதல் துளி என் இமையில் விழுந்ததும்
பந்து மண்ணில் விழுந்ததும் ஒன்றாய்.

கை தானாக நீண்டது.
குரல் வயிற்றிலிருந்து வந்தது.

அவன் கத்தவில்லை. மட்டையால் ஓரிடத்தைக் காட்டினான்.
நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து
ஒவ்வொரு படியாய் இறங்கினார்,
செம்மண்ணில் பந்து பட்ட தழும்பு தேடி.
அவர் வந்து குனிவதற்குள்
அங்கே நூறு தழும்பு, எல்லாம் வட்டம், எல்லாம் புதுசு.
பிறகு தழும்பே இல்லை, சேறுதான்.
“சொன்னது நிற்கும்” என்றார்.

சொன்னது நான்.

மஸ்கெலியாவில் அம்மா கொழுந்தை நிறுவைக்குக் கொண்டு போனால்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
வெயில் நாளிலும் ஈரம்தான்.
எக்கி நின்று தராசைப் பார்ப்பாள்.
கணக்கெழுதுகிறவர் நிமிர மாட்டார்.
அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது,
கெட்ட முகம் இல்லை,
கொட்டாவி விடுகிற முகம்.

புதன் காலை, சரசவி உயன ஸ்டேஷன்.
சப்பாத்துகளைத் தனிப் பையில் கட்டித் தூக்கியிருந்தான்.
பையின் அடியில் செம்மண் கரைந்து சொட்டியது.
தொப்பியை வைத்து என்னை அடையாளம் கண்டான்.
இரவு முழுக்க மூன்று இங்கிலீஷ் வசனம் கட்டி வைத்திருந்தேன்:
மழை பெய்தது. கண் மூடிவிட்டது. நான் பார்க்கவில்லை.

“கொழும்பு?” என்றான்.
எந்தப் பக்கம் என்று கேட்கிறான்.
கேட்டது அவ்வளவுதான்.

கை நீட்டினேன்,
முழங்கை மடங்காமல், விரல்கள் சேர்ந்து.
பயிற்சி அப்படி.
நீட்டிய கையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
எப்படி இறக்குவதென்று தெரியவில்லை.

கூவிக்கொண்டு வந்தது கண்டிக்குப் போகிற ரயில்.
அவன் எழுந்தான்,
பலகையைப் படித்தான்,
மறுபடி உட்கார்ந்தான்.